பூல் டேபிளுக்குள் தண்ணீர் போய்விட்டதா? துணியைப் பார்க்காதீர்கள், அடியில் குனிந்து பாருங்கள்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது பலருக்கு நினைவிருக்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எதையும் அந்த மழை விடவில்லை. இரண்டு நாள் கழித்து மண்டபத்திலிருந்து, வீட்டில் பூல் டேபிள் போட்டிருக்கும் என் மச்சான் போன் பண்ணினார். "மாப்ள, ஹாலுக்குள்ள முழங்காலுக்குத் தண்ணி ஏறிருச்சு. ஆனா டேபிளுக்கு மேல ஒரு சொட்டுப் படல, துணி காஞ்சேதான் இருக்கு. தப்பிச்சிட்டோம்ல?"

தப்பிக்கவில்லை. மேலே ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் பதறுகிறோம், அடியில் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்றால் துணியைத் தடவிப் பார்த்து நிம்மதி ஆகிவிடுகிறோம். துணியை மாற்றிவிடலாம், ஒரு நாள் வேலை. கால், சட்டம், கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பலகை இவற்றில் தண்ணீர் ஏறினால்தான் டேபிள் சாகும், அதுவும் உடனே சாகாது, மூன்று மாதம் கழித்துப் பந்து தானாக ஒரு மூலைக்கு ஓட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

அந்த டேபிளைத் திரும்ப ஆடும் நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. அதற்கு முன்னும் பின்னும் கீழக்கரையிலும் தொண்டியிலும் சில வீடுகளில் கூரை ஒழுகி நனைந்த டேபிள்களைப் பார்த்திருக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஆசை ஆசையாக வாங்கி மாடியில் போட்டவை அவை. இங்கே எழுதுவதெல்லாம் அந்த வேலைகளில் கைப்பட்டவை.

டேபிளுக்குள் என்ன இருக்கிறது

பச்சைத் துணிக்கு அடியில் கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் பில்லியர்ட்ஸ் மேஜையின் தளம் மரப்பலகைதான். மரம் ஈரத்தில் நெளியும் என்பதால்தான் 1826 வாக்கில் லண்டனில் ஜான் தர்ஸ்டன் ஸ்லேட் கல்லுக்கு மாறினார். ஸ்லேட் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. நனைந்தால் துடைத்துவிட்டு மறுநாள் வேலை பார்க்கலாம். ஆகவே கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கல்லைத் தாங்குவதெல்லாம் மரம். 8 அடி டேபிளில் பெரும்பாலும் மூன்று துண்டுக் கல், ஒரு அங்குலத் தடிமன் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோ. அந்த 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரமும் சட்டத்தின் மீது உட்கார்ந்திருக்கிறது, சட்டம் கால்களின் மீது. சட்டத்தில் ஒரு மூலை ஒரு மில்லிமீட்டர் உப்பினாலும் கல்லின் மூட்டு ஏறி இறங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பல டேபிள்களில் துணியைப் பின் அடிப்பதற்காகக் கல்லின் அடிப்பக்கம் ஓரமாக எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட் பட்டையை ஒட்டியிருப்பார்கள். இது ஈரம் குடித்தால் கல்லை மேலே தூக்கும். யாரும் இதைப் பார்ப்பதில்லை, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும்.

உங்கள் டேபிளில் கல்லே இல்லை, தளமே எம்.டி.எஃப் பலகைதான் என்றால், அது நனைந்து உப்பியிருந்தால், வெளிப்படையாகச் சொல்கிறேன், செலவு செய்யாதீர்கள். பந்து, அதை அடிக்கும் க்யூ கோல், பந்து விழும் பாக்கெட் இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் பணம் சேருங்கள். உப்பிய எம்.டி.எஃப் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

முதல் நாள்: என்ன செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது

முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். டேபிளுக்கு மேலே தொங்கும் விளக்கு, சுவர் பிளக், தரையில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் ஈரத்தில் இருக்கும். அதற்கப்புறம்தான் ஹாலுக்குள் கால் வைக்க வேண்டும்.

அடுத்து, டேபிளை நகர்த்தாதீர்கள். இதை நான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மண்டபத்தில் நடந்தது இதுதான். தரையைத் துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுப் பையன்களையும் சேர்த்து ஆறு பேர் டேபிளைப் பிடித்து ஓரமாக இழுத்திருக்கிறார்கள். நனைந்த காலும் சட்டமும் சேரும் மூட்டில் பசை ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. இழுத்த இழுப்பில் ஒரு கால் உள்பக்கமாகச் சாய்ந்து, நடுக்கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவே மூட்டை அடைத்திருந்த மெழுகு விரிந்துவிட்டது. நான் போய்த் துணிக்கு மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தபோது மூட்டு இருக்கும் இடத்தில் நகம் இடறியது. வெள்ளம் செய்யாத சேதத்தை அந்த இரண்டு அடி தூரம் செய்துவிட்டது. தரையைத் துடைக்க வேண்டுமானால் டேபிளைச் சுற்றித் துடையுங்கள், அடியில் ஆள் நுழைந்து துடையுங்கள்.

துணி நனைந்திருந்தால் பந்தை உருட்டிப் பார்க்க வேண்டாம். டேபிளில் கை ஊன்றிச் சாயவும் வேண்டாம். பருத்தித் துண்டை மடித்து வைத்து மேலிருந்து அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் இழை எழும்பும், அந்தத் தடம் அப்படியே நிற்கும்.

எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. இன்ஷூரன்ஸ் இருந்தால் அதற்கு ஆகும். இல்லாவிட்டாலும் பிரிக்கும்போது எது எங்கே இருந்தது என்று பார்க்க ஆகும்.

பந்துகளுக்கு ஒன்றும் ஆகாது, கழுவித் துடைத்தால் போதும். க்யூக்களைச் சுவரில் சாய்த்துக் காய வைக்கக் கூடாது, வில் மாதிரி வளைந்துவிடும். நிழலில் சமதரையில் படுக்க வையுங்கள், அல்லது நுனியில் நூல் கட்டித் தொங்க விடுங்கள்.

எந்தத் தண்ணீர்?

நம்ம பக்கத்தில் மற்ற ஊர்க்காரர்கள் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். வந்தது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

கூரையிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் என்றால் பிரச்னை ஈரம் மட்டும்தான். தெருவில் ஓடி வந்த வெள்ளம் என்றால் சேறும் சாக்கடையும் சேர்ந்திருக்கும், கையுறை மாஸ்க் இல்லாமல் தொடக் கூடாது, அந்தத் துணியைக் காப்பாற்ற நினைக்கவும் வேண்டாம். கடல் ஏறியதோ, உப்பங்கழி நிரம்பி வந்ததோ என்றால் உப்பு. உப்பு மரத்துக்குள் போய்விட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தை அதுவே இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை ஃபேன் போட்டாலும் மரம் காயாது, போல்ட் எல்லாம் துரு பிடித்துக்கொண்டே போகும். அதனால் உப்புத் தண்ணீரில் நனைந்த டேபிளை முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், அப்புறம்தான் காய வைக்க வேண்டும். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். நனைத்துத்தான் ஆக வேண்டும்.

எந்த நல்ல தண்ணீர் என்பதிலும் கவனம் வேண்டும். மச்சான் வீட்டில் சேற்றைக் கழுவ போர் தண்ணீரைத்தான் ஹோஸில் அடித்திருந்தார்கள். நம்ம கடற்கரையில் பாதி போர்களில் வருவதே உவர்ப்பு. ஒரு வாரத்தில் கால்களில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் தங்கம். இல்லையென்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர், அல்லது கேன் தண்ணீர். ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடுகளில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும், பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடக்கும், அதைத் தேடி எடுங்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் அளவில் உப்பு உள்ளது. குடிநீர் 500-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நல்ல தண்ணீரில் பஞ்சை நனைத்து மரத்தைத் துடைத்து, அதே பஞ்சைக் கிண்ணத்தில் பிழிந்து மீட்டரை வையுங்கள். பிழிந்த தண்ணீரின் எண் நீங்கள் எடுத்த தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை துடைத்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு நான்கு சுற்று ஆனது.

டீ, குளிர்பானம் கொட்டியது வேறு விஷயம். கொட்டிய உடனே ஒற்றி எடுத்து, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றிச் சர்க்கரையை எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் விட்டால் முடிந்தது. கறை வளையம் கொஞ்சம் நிற்கலாம். ஆட்டத்துக்கு அது தடையில்லை.

பரிசோதனை: எது பிழைக்கும், எது பிழைக்காது

டார்ச், ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவர், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், டேப். இவ்வளவு போதும்.

அடியில் படுத்து கால்களின் பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் ஏறிய மட்டம் கறையாகத் தெரியும், ஆனால் மரம் அதற்கும் மேலே உறிஞ்சியிருக்கும், நாரின் வழியாக விளக்குத் திரி மாதிரி. ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக அழுத்துங்கள். தேக்கு, வேம்பு மாதிரி முழு மரம் என்றால் முனை இறங்காது, அது பிழைக்கும். பிளைவுட் என்றால் ஓரத்தைப் பாருங்கள், அடுக்குகள் புத்தகம் மாதிரி விரிந்திருந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு என்றால் நனையாத இடத்தின் கனத்தையும் நனைந்த இடத்தின் கனத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் அதை விட்டுவிடுவேன். வெளியே தேக்கு மாதிரி மினுங்கும் பல டேபிள்கள் உள்ளே எம்.டி.எஃப்-மேல் ஒட்டிய மெல்லிய தோல்தான், ஸ்க்ரூ துளையில் எட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்.

அடுத்து கல்லின் அடிப்பட்டை. பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

போல்ட்டுகள். 8 அடி டேபிளில், பந்து மோதித் திரும்பும் ஓரத்துக் குஷன் கட்டைகளைக் கல்லோடு சேர்த்துப் பிடிக்க வழக்கமாக 18 போல்ட் இருக்கும். ஒவ்வொன்றிலும் துரு எவ்வளவு என்று பாருங்கள், இப்போது கழற்ற வேண்டாம்.

மேலே வந்து, துணி காய்ந்த நிலையில் இருந்தால் மட்டும், குஷனை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கட்டியாகச் சத்தம் வரும். பசை விட்ட இடத்தில் தொளதொளவென்று, ரப்பர் தனியாக அதிரும். அப்புறம் வெள்ளைப் பந்தை நீளவாக்கில் பலமாக, மட்டமாக அடித்துப் பாருங்கள். குஷன் நன்றாக இருந்தால் பந்து டேபிளின் நீளத்தைப் போல நான்கு முதல் நாலரை மடங்கு ஓட வேண்டும் என்பது உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் கணக்கு. இரண்டரையில் நின்றால் ரப்பர் போய்விட்டது, அல்லது பசை போய்விட்டது.

கடைசியாக மூட்டு. கல்லும் கல்லும் சேரும் கோட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் இழுங்கள். கண்ணை விட நகம் நன்றாகப் பார்க்கும்.

இவ்வளவும் பார்த்தபின் முடிவு எடுங்கள். கூரை சொட்டி மேலே மட்டும் நனைந்து, அடியில் எல்லாம் காய்ந்திருந்தால் கல்லைத் தூக்கவே வேண்டாம். குஷனைக் கழற்றித் துணியை எடுத்து, கல்லைத் துடைத்துக் காயவிட்டுப் புதுத் துணி போட்டால் போதும். அடிப்பட்டையோ சட்டமோ நனைந்திருந்தால் முழுக்கப் பிரித்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

பிரிப்பது

பாக்கெட், குஷன் கட்டை, துணி, கல், சட்டம், கால். இந்த வரிசைதான்.

குஷன் போல்ட்டுகளில் முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். டபிள்யூ.டி. 40 இருந்தால் சரி, இல்லையென்றால் மோட்டார் மெக்கானிக் வைத்திருப்பது எதுவானாலும் சரி. ஆனால் துணியிலும் கல்லிலும் படக் கூடாது, எண்ணெய் பட்ட கல்லில் பசை பிடிக்காது. போல்ட் இறுகி நின்றால் முறுக்கி முறுக்கி உடைக்காதீர்கள், கால் சுற்று இறுக்கி அரைச் சுற்று தளர்த்தி, அப்படியே ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு கட்டையிலும் எண் எழுதுங்கள். ஒரு பக்கத்து நீளக் கட்டையும் எதிர்ப்பக்கத்துக் கட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், துளை மட்டும் நூலளவு மாறும்.

துணியைக் கிழித்து எடுக்காதீர்கள், மாற்றப் போகிறீர்கள் என்றாலும்கூட. பின்னை ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். இழுத்தால் பின் பாதி ஒடிந்து பட்டைக்குள் நின்றுவிடும், உப்புக்காற்றில் அது துருவாகிப் புதுத் துணியில் பழுப்புப் புள்ளி விடும். பழைய துணியைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பார்கள். கம்பளி கலந்த துணி நனைந்து காய்ந்தால் ஒரே அளவில் சுருங்காது, திரும்ப இழுத்துக் கட்டினால் ஓரிடம் விறைப்பாகவும் ஓரிடம் தொய்வாகவும் இருக்கும். நல்ல மழைத்தண்ணீர் சின்ன இடத்தில் பட்டு, கழற்றாமலே காய்ந்துவிட்டது என்றால் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி புதிது.

கல்லைத் தூக்குவதுதான் பயமான வேலை. மூட்டின் மெழுகைக் கீறி எடுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஒவ்வொரு கல்லிலும் எண்ணும் திசை அம்புக்குறியும் போடுங்கள். கல்லுக்கு நான்கு பேர். மெதுவாகத் தூக்கி உடனே நிமிர்த்தி, குத்தாக நிறுத்தியபடி சுமக்க வேண்டும். படுக்கை வாட்டத்தில் சுமந்தால் நடுவில் விரிந்துவிடும், விரிந்த கல்லுக்கு இங்கே மருந்து இல்லை. சுவரோரம் இரண்டு மரக்கட்டைகள் போட்டு அதன்மேல் கொஞ்சம் சாய்வாக நிறுத்துங்கள், அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

கழுவுவது, காய வைப்பது

நம்மவர்கள் அவசரப்படும் இடம் இது. மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் இரண்டே நாளில் காய்ந்துவிடுமே என்பார்கள். காயும். மேல்பரப்பு காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரமாகவே இருக்கும், அந்த இழுவையில் மரம் வெடிக்கும், நெளியும். மண்டபத்தில் படகு வேலை பார்க்கும் ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "நிழல்ல போடுங்க தம்பி, மரத்துக்குத் தெரியாம காயணும்" என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சரியான புத்தி அதுதான்.

சேறு, பூசணம் எல்லாவற்றையும் மென்மையான சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். பூசணம் இரண்டு நாளிலேயே வந்துவிடும், மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பிளீச்சிங் ஊற்றினால் கறை வெளுக்கும், மரத்துக்குள் இருக்கும் பூசணம் போகாது. உப்பு எடுக்கும் வேலையை மேலே சொன்னபடி முடித்தபின், ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து மரத்தில் ஒரு கை பூசினால் பூசணமும் கரையானும் அண்டுவது குறையும். நனைந்த மரத்தைத் தேடிக் கரையான் வருவது நம்ம ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பிறகு ஃபெவிகால் வைத்து ஒட்டப்போகும் மூட்டுகளில் வெங்காரத்தைப் பூசாதீர்கள், அது பசையைத் திரித்துக் கட்டியாக்கிவிடும். கையுறை போடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அப்புறம் ரீப்பர் கட்டைகளை அடுக்கி, மரங்களுக்கு நாலா பக்கமும் காற்று போகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஃபேன் சுழல வேண்டும், ஆனால் ஒரே பக்கமாக மரத்தின் மேல் அடிக்கக் கூடாது. ஜன்னல் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வாடைக்காற்று வீசி மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே விருந்துக்குக் கூப்பிடுவதாகும், மூடிவிட்டு ஏ.சி. இருந்தால் டிரை மோடில் போடுங்கள். மழை விட்டு வெயில் விழுந்த நாளில் காலை 11 மணியிலிருந்து 4 மணிவரை திறந்துவிடுங்கள். மே மாதத்துக்கு மேல் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது நனைந்த டேபிள் என்றால் நீங்கள் பாதி அதிர்ஷ்டசாலி, அந்தக் காற்றே காய வைத்துவிடும். நம்ம பக்கத்துச் சீமைக்கருவேலங்கரியை மூட்டையாகக் கட்டி அடியில் போடுவது உண்டு, பூசண வாடையை அது கொஞ்சம் குறைக்கும், ஓதத்தை எடுக்க அதை நம்பி இருக்க வேண்டாம்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? மாய்ஸ்சர் மீட்டர் வைத்துப் பார்க்கலாம், இரண்டு ஊசி குத்தும் மீட்டர். அதே வீட்டில் நனையாத பழைய கதவின் எண்ணோடு ஒப்பிடுங்கள், எதிலோ படித்த எண்ணோடு அல்ல, ஏனென்றால் கடலோர வீட்டு மரம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். மரத்தில் உப்பு மிச்சம் இருந்தால் இந்த மீட்டர் ஏமாற்றும், காய்ந்த மரத்தையும் ஈரம் என்று காட்டும். அதனால் நான் தராசை நம்புகிறேன். மீன் வியாபாரி வைத்திருக்கும் கொக்கித் தராசில் ஒரு குஷன் கட்டையையும், ஒரு காலையும் தினம் ஒரே நேரத்தில் தொங்கவிட்டு எடையைச் சுவரில் எழுதி வந்தோம். முதல் வாரம் தினமும் குறைந்தது, பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு நின்றது. தொடர்ந்து ஒரு வாரம் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. கால்களுக்கு ஏழு வாரம் ஆனது. ஆறாவது வாரமே மச்சான் பொறுமை இழந்து "போதும் மாப்ள, பூட்டிருவோம்" என்றார், அன்றைக்கும் எடை குறைந்துகொண்டுதான் இருந்தது.

மரவேலை

விட்டுப்போன மூட்டுகளில் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. காலின் பாதம் இற்றுப்போயிருந்தால் அந்த இரண்டு மூன்று அங்குலத்தை அறுத்துவிட்டு அதே மரத்தில் துண்டு வைத்துச் சேர்க்கலாம், நல்ல ஆசாரிக்கு அரை நாள் வேலை. நான்கு கால்களையும் ஒன்றாக நிறுத்தி உயரம் சரிபார்த்த பிறகே பாலீஷ் போடச் சொல்லுங்கள். கல்லின் அடிப்பட்டை உப்பியிருந்தால் முழுக்க உளியால் எடுத்துவிட்டு, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டில் அதே கனத்துக்குப் புதுப்பட்டை ஒட்டுங்கள். மூன்று கல்லிலும் கனம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றினால் அந்தக் கல் உயர்ந்து நிற்கும்.

போல்ட் மாற்றும்போது கடையில் "எஸ்.எஸ்." (துருப்பிடிக்காத எஃகு) என்று மட்டும் கேட்டால் 304 ரகம் தருவார்கள். உப்புக்காற்றுக்கு 316 கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அடுத்த முறை கழற்றும்போது கையோடு வரும். பூட்டும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ்.

குஷன் ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். நல்ல ரப்பர், பசை மட்டும் விட்டிருந்தால் திரும்ப ஒட்டலாம். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு வைக்க வேண்டும். வைத்தபின் நகர்த்த முடியாது, எனவே பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு வையுங்கள். ரப்பரை இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்த ரப்பர் நாளடைவில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., குஷனின் மூக்கு அதில் 62.5 முதல் 64.5 சதவீத உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது கல்லிலிருந்து ஏறத்தாழ 36 முதல் 37 மி.மீ.க்குள். குறைந்தால் பந்து துள்ளும், கூடினால் பந்தை அமுக்கும்.

சேர்ப்பதும் மட்டம் பார்ப்பதும்

சட்டத்தை முதலில் மட்டமாக்குங்கள், கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டமே இதற்குப் போதும். அப்புறம் நடுக்கல்லை வைத்து அதை மட்டமாக்கி, அதற்குப் பக்கத்துக் கல்லுகளைப் பொருத்துங்கள். உலக பூல் சங்கத்தின் விதிப்படி தளம் நீளவாக்கில் அரை மில்லிமீட்டருக்குள்ளும் அகலவாக்கில் கால் மில்லிமீட்டருக்குள்ளும் மட்டமாக இருக்க வேண்டும். சாதாரண ரசமட்டம் அவ்வளவு நுணுக்கம் காட்டாது. லேத் பட்டறையில் வைத்திருக்கும் மட்டத்தை ஒரு நாள் இரவல் கேளுங்கள். எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ அங்கே சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டிலிருந்து சீட்டை ஒவ்வொன்றாகச் செருகலாம். மரச் சில்லை விட இது நல்லது, எல்லாச் சீட்டும் ஒரே கனம்.

மூட்டுக்கு வழக்கமாகத் தேன்மெழுகு ஊற்றிச் சுரண்டி மட்டமாக்குவார்கள். குளிர்ந்த ஹாலில் அதுவே நல்லது. தகரக் கூரைக்கு அடியில் மே மாத வெயிலில் கிடக்கும் டேபிள் என்றால் மெழுகு இளகும், அங்கே காருக்குப் பூசும் பட்டியைப் பயன்படுத்துங்கள். மறுபடி பிரிக்கும்போது அதை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

துணி போடுவதை மட்டும் அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். மதுரையிலிருந்து ஆள் வரவழைத்தாலும் சரி. மழை பெய்யாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், ஓதமாக இருக்கும்போது இழுத்துக் கட்டிய துணி வெயில் நாளில் வேறு மாதிரி நிற்கும். ஸ்டேப்ளர் பின்னும் துரு பிடிக்காத ரகமாக இருக்கட்டும்.

இனி தண்ணீர் வராமல்

செப்டம்பரிலேயே மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைக் குத்திவிடுங்கள், வேப்பிலைதான் அடைக்கும். மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்துக்குக் கீழே டேபிளைப் போடாதீர்கள். ஹாலுக்குள் வெள்ளம் ஏறும் தெரு என்றால் கால்களுக்குக் கீழே கிரானைட் துண்டு வைத்து உயர்த்துவது சின்ன மழைக்கு உதவும். டேபிளின் மேல் தார்ப்பாயை வருடம் முழுக்கப் போர்த்தி வைக்காதீர்கள், அடியில் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பருத்தித் துணியால் மூடுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் மேலே தார்ப்பாய்.

மட்டம் பார்த்துப் பூட்டிய இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை மட்டம் பாருங்கள், அடுத்த வாடை முடிந்தபின் இன்னொரு முறை. மண்டபத்து டேபிளில் இரண்டாவது முறை பார்த்தபோது கடல் பக்கத்து மூலை ஒரு சீட்டுக் கனம் இறங்கியிருந்தது. ஒரே ஒரு சீட்டைச் செருகினோம். பந்தை நடுவில் வைத்தேன், நின்றது.